முளைத்த நெல்லுக்கு எத்தனை மார்க்?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் டெல்டாவிலிருந்து ஒரு படம் தவறாமல் பத்திரிகைக்கு வந்துவிடும். கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாயை விலக்கி, முளைவிட்ட குறுவை நெல்லை இரண்டு கையாலும் அள்ளிக் காட்டுகிற விவசாயியின் படம். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள். வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு தில்லிக்குக் கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போகும். குவியலில் கிடக்கும் நெல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இதே வேலையை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கூலி கொடுத்துச் செய்யவைக்கிறார்கள். தானியத்தை நனைத்து, முளைக்கவிட்டு, முளை நீளுமுன் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்துவது. பார்லியில் செய்தால் அதற்குப் பெயர் மால்ட். உலகத்துப் பீர் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. இங்கே நஷ்டக் கணக்கில் எழுதப்படும் முளை, அங்கே மூலப்பொருள்.

நாற்றங்காலுக்கு விதை கட்டியவர்களுக்கு மால்ட் புதிய சங்கதி இல்லை. விதைநெல்லைச் சாக்கில் தளரக் கட்டி ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். எடுத்து நீர் வடியவிட்டு, வைக்கோல் போட்டு மூடி, இன்னொரு நாள் வைப்பார்கள். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டதுபோலச் சுடும். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக முளை தலைகாட்டியிருக்கும். ஒன்றை உமி நீக்கிக் கடித்துப் பார்த்தால் மாவு இளகியிருக்கும், நாக்கில் லேசாக இனிக்கும். அந்தச் சூடு விதை மூச்சுவிடுவதால் வருவது. இனிப்பு வந்த கதை கொஞ்சம் நீளம்.

நெல்மணியில் பெரும்பகுதி மாவுச்சத்து. ஒரு மூலையில் கரு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாவு முழுவதும் அதற்கான சாப்பாடுதான், ஆனால் அதை அப்படியே தின்ன அதனால் முடியாது. மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளச் சங்கிலி. தண்ணீர் உள்ளே போனதும் கரு கண்விழித்து, ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது மாவைச் சுற்றியிருக்கும் மெல்லிய உயிருள்ள அடுக்கைப் போய்ச் சேருகிறது. ஆலையில் அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிற அடுக்கு அது. தகவல் கிடைத்ததும் அந்த அடுக்கு ஆல்ஃபா அமிலேஸ் என்ற நொதியைத் தயாரித்து மாவுக்குள் அனுப்புகிறது. சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டுவது ஆல்ஃபாவின் வேலை. பீட்டா அமிலேஸ் என்ற இன்னொரு நொதி, சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றும். அந்த இரட்டை மணிதான் மால்டோஸ் சர்க்கரை. கருவுக்குப் பால்சோறு, சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்டுக்கு விருந்து.

இந்த ஜிப்பரெலினை உலகம் கண்டுகொண்டதே நெல்வயலில்தான். நாற்றில் சில மட்டும் வெளிறி, பக்கத்துப் பயிரைவிடத் தலைதூக்கி ஒல்லியாக வளர்ந்து, கதிர் பிடிக்காமலே செத்துப்போகும் நோய் ஒன்று உண்டு. பூஞ்சையால் வருவது. அந்தப் பூஞ்சை வளர்ந்த சாற்றை மட்டும் வடிகட்டி எடுத்து நாற்றுக்குக் கொடுத்தாலும் அதே கிறுக்கு வளர்ச்சி வருகிறது என்று, தைவானில் வேலை பார்த்த எயிச்சி குரோசாவா என்ற ஜப்பானியர் 1926இல் காட்டினார். தாவரங்கள் தாங்களே அதைச் சுரக்கின்றன என்பது 1950களில்தான் உறுதியானது. இன்று பல நாடுகளில் மால்ட் ஆலைக்காரர்கள் முளையை வேகப்படுத்த இதே பொருளைப் பார்லிமேல் தெளிக்கிறார்கள். நெல்லுக்கு வந்த நோய் பீருக்கு உதவப் போயிருக்கிறது.

நம் ஊரில் ஆராய்ச்சி எதிர்த்திசையில் போனது. முளையை எப்படித் தடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 என்ற நெல் வந்து தஞ்சை மாவட்டத்தில் வேகமாகப் பரவியது. குறுகிய கால ரகம், நல்ல மகசூல், ஆனால் அறுவடை நேராக மழையில் போய் விழுந்தது. ஈர நெல்லை என்ன செய்வது என்று பார்ப்பதற்காக 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் சிறியதாக ஓர் ஆய்வுக்கூடம் முளைத்தது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் இயக்குநராக இருந்த வி. சுப்ரமணியன் அதற்கு முன்னின்றார். பின்னாளில் தஞ்சாவூருக்கு வந்து, பலமுறை பெயர் மாறி, இன்று நிஃப்டெம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருப்பது அதுதான். சாய்ந்த பயிரில் உப்புக் கரைசல் தெளித்தால் முளைப்பு தள்ளிப்போகும் என்று வேளாண்துறை சொல்வதும் இதே வகையைச் சேர்ந்த உபாயம். உப்பு வெளியே இருந்தால் விதையால் தண்ணீரை இழுக்க முடியாது. தண்ணீர் போகாவிட்டால் கரு எழுந்திருக்காது, ஜிப்பரெலின் கிடையாது, அமிலேஸும் கிடையாது.

இனி அடிலெய்டு. தாமஸ் கூப்பர் யார்க்‌ஷயரிலிருந்து கப்பலேறிப்போன செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1862இல் உடம்பு சரியில்லாத மனைவிக்கு டானிக் மாதிரி இருக்கட்டும் என்று வீட்டில் பீர் செய்யப்போய், அதுவே குடும்பத் தொழிலாகிவிட்டது என்பது அந்தக் கம்பெனி சொல்லிவரும் வரலாறு. கூப்பர்ஸ் ஸ்பார்க்ளிங் ஏல் என்கிற அந்தச் சரக்கு இன்றும் விற்பனையில் இருக்கிறது. வெயில் காயும் ஆஸ்திரேலியா முழுவதும் குளிர்ந்த, கண்ணாடிபோலத் தெளிந்த லாகர் வகைப் பீர் பக்கம் சாய்ந்தபோது இது மட்டும் பழைய வழியிலேயே நின்றது. பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கும், அடியில் வண்டல் தங்கும். பாட்டிலை மேஜையில் ஒரு தடவை உருட்டி, வண்டலைக் கலக்கி ஊற்றிக் குடிப்பது அங்குள்ள வழக்கம்.

இந்த ஒரே ஒரு சரக்கை வைத்து ஒரு தனி வகையே உருவாகிவிட்டது. வீட்டில் பீர் தயாரிப்பவர்களின் போட்டிகளுக்கு இலக்கணம் எழுதும் அமைப்பு ஒன்று அமெரிக்காவில் 1985இல் தொடங்கியது. சுருக்கமாக பிஜேசிபி. அதன் 2015 பதிப்பில் ‘ஆஸ்திரேலியன் ஸ்பார்க்ளிங் ஏல்’ 12பி என்ற எண்ணோடு ஏறியது. பொன்னிறம், நுண்ணிய குமிழ்கள் நிறைந்த நுரை, நல்ல விறுவிறுப்பு, 4.5 முதல் 6 விழுக்காடு ஆல்கஹால், பேரிக்காயோ ஆப்பிளோ என்று சொல்லத்தக்க மெல்லிய பழ வாசனை, முடிவில் நாக்கில் இனிப்பு ஒட்டாத வறட்சி. கசப்புக்கு ‘பிரைட் ஆஃப் ரிங்வுட்’ என்ற ஹாப்ஸ் பூ ரகம் பொருத்தம். மெல்போர்ன் பக்கத்து ரிங்வுட்டில் கலப்பினமாக உருவாக்கி 1960களில் வெளியிட்டார்கள். நம் ஏடிடி 27 வெளிவந்த அதே காலம்.

அந்த வறட்சியின் பழைய கதையில் கரும்பும் இருக்கிறது. மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடாது. ஆல்ஃபா அமிலேஸ் வெட்டிப்போட்ட சில துண்டுகள் ஈஸ்டுக்குப் பெரிதாகி அப்படியே மிஞ்சும். பீருக்குக் ‘கட்டி’ கொடுப்பது அவைதான். கரும்புச் சர்க்கரை சேர்த்தால் அது ஒன்றுவிடாமல் ஆல்கஹாலாகிவிடும், மிச்சம் இருக்காது. ஆஸ்திரேலியாவில் கரும்புச் சர்க்கரை மலிவாகக் கிடைத்தது, பீரில் சேர்ப்பதும் அந்நாளில் பழக்கமாக இருந்தது. விறுவிறுப்பும் சர்க்கரைக் கணக்குதான். பாட்டிலை மூடுமுன் கொஞ்சம் சேர்த்தால், ஒரு கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய அரை கிராம் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே அடைபடும். கை தாராளமானால் பாட்டில் வெடிக்கும்.

போட்டி நடக்கிற விதம் பரீட்சை மாதிரிதான். பாட்டிலில் லேபிள் கிடையாது, மூடியில் அடையாளம் கிடையாது, எண் மட்டும். உதவியாளர்கள் வேறிடத்தில் வைத்துக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு நடுவர்கள் முகர்ந்து, பார்த்து, சுவைத்துத் தனித்தனியாக எழுதுவார்கள். ஐம்பது மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. பார்வைக்கு வெறும் மூன்றே மார்க் என்பது எனக்குப் பிடித்த அம்சம். ஸ்பார்க்ளிங் ஏல் அனுப்புகிறவருக்கு மட்டும் அந்த மூன்றிலும் தலைவலி உண்டு. பாட்டிலை ஆடாமல் ஊற்றினால் பளிச்சென்ற தெளிவு, கலக்கி ஊற்றினால் மங்கல். இலக்கணம் இரண்டையும் ஏற்கிறது. ஆனால் உதவியாளர் கடைசித் துளிவரை சாய்த்து, இரண்டாவது நடுவரின் கோப்பையில் மட்டும் வண்டல் விழுந்தால், ஒரே பீருக்கு இரண்டு சுவை. இரு நடுவரின் மொத்த மதிப்பெண்ணும் ஏழுக்கு மேல் விலகக்கூடாது என்பது வழக்கம். விலகினால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

ஆஸ்திரேலியாவில் மாநிலப் போட்டிகளில் தேறியவை தேசிய அளவிலான வீட்டு பீர் போட்டிக்குப் போகின்றன. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க அங்கே லைசென்ஸ் வேண்டாம். தஞ்சாவூரில் அதே வேலையைச் செய்தால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் பாயும். கள்ளுக்கே 1987 முதல் தடை. ஆகவே தஞ்சாவூர் முகவரியோடு ஒரு பாட்டில் இந்தப் போட்டிக்குப் போக வழியில்லை. ஆனால் அரிசி மதுவுக்குப் பழைய செய்முறை ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதையாவது நடுவர் மேஜையில் வைத்துப் பார்க்கலாம்.

அது இருப்பது சங்க நூலான பத்துப்பாட்டில், பெரும்பாணாற்றுப்படையில். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரைப் பட்டினப்பாலையில் பாடியவரும் இவரே. பெரும்பாணாற்றுப்படையின் களம் காஞ்சி சார்ந்த தொண்டை நாடு. அந்நூலில் வலைஞர் குடியிருப்புக்குப் போனால் என்ன குடிக்கக் கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில், எட்டே வரிகளில் முழுச் செய்முறையையும் வைத்திருக்கிறார். அதை 1889இல் அச்சில் ஏற்றிய உ.வே. சாமிநாதையர் அப்போது கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர், பாபநாசத்துக்குப் பக்கம் உத்தமதானபுரத்துக்காரர். டெல்டாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை இதுதான். நன்றாகத் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கவேண்டும். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் கொட்டி ஆறவிடவேண்டும். பாம்பு வாழும் புற்றுக்குள் இருக்கும் கறையான் கூட்டைப் போன்ற நல்ல அடையை அதோடு கலக்கவேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவேண்டும். வாய் உறுதியான சாடியில் பச்சை வாடை நீங்கும்வரை விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து அரிக்கவேண்டும். சுட்ட மீனோடு கொடுப்பார்கள்.

அந்த அடை நெல்முளை என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொள்கிறார். வடகிழக்கு இந்தியாவில் அரிசி மதுவுக்குப் பூஞ்சை ஏற்றிய மாவு வில்லையைப் பயன்படுத்துவார்கள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற அசாம் திமாசா மக்களின் ஜுடிமா அந்த வழியில் செய்யப்படுவது. வெண்பூஞ்சை பூத்த வில்லையும் கறையான் கூட்டை நினைவூட்டக்கூடியதுதான். போதாக்குறைக்குப் புற்றுக்குள் கறையான் கட்டும் அந்தக் கூடே ஒரு பூஞ்சைத் தோட்டம். மழைக்குப் பின் புற்றில் காளான் பூப்பது அதிலிருந்து. ஆனாலும் என் ஓட்டு உரையாசிரியருக்கே. முளை கொஞ்சம் நீண்டுவிட்ட விதைச் சாக்கை அவிழ்த்துப் பாருங்கள். வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, நெல் முழுவதும் ஒரே கட்டியாக, பொந்தும் பொறையுமாகப் பெயர்ந்து வரும். உவமை அங்கேயே இருக்கிறது. மறைவாகக் கொஞ்சம் பூஞ்சையும் சேர்ந்தே வந்திருக்கும், அழைக்காத விருந்தாளியாக.

வேதியியல் தெரிந்தவர் இந்தச் செய்முறையைப் படித்தால் முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்காருவார். பார்லிக்காரர்கள் மால்ட்டை இடித்து 65 டிகிரி சுமாருக்கு வெந்நீரில் போட்டால் போதும். பார்லி மாவு அந்தச் சூட்டில் குழைந்து, நொதிக்கு இடம் கொடுத்துவிடும். அரிசி அப்படி வளைந்து கொடுப்பதில்லை. நம் இண்டிகா ரகங்கள் பலவற்றில் மாவு குழைய 70 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பீட்டா அமிலேஸ் நிமிடங்களில் செத்துப்போகும். சோற்றையும் முளையையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் நொதி காலி. சேர்த்துச் சூடாக்காமல் விட்டால் மாவு திறக்காது. வழி ஒன்றுதான். அரிசியைத் தனியே குழைய வேகவை, ஆறவிடு, பிறகு முளையைக் கலந்துகொள். அரிசி சேர்த்து லாகர் தயாரிக்கும் பெரிய ஆலைகள் இன்று அரிசிக்கென்று தனிக் கொப்பரை வைத்திருப்பது இதற்காகத்தான். பாடலில் வரும் அகன்ற வாய்ப் பாத்திரமும் அலங்காரத்துக்கு வந்ததில்லை. களி சீக்கிரம் ஆறவேண்டும். கையில் வெப்பமானி இல்லாதவர்களின் ஏற்பாடு அது.

பழைய சோறு ஏன் போதை தருவதில்லை என்ற கேள்விக்கும் பதில் இதில் கிடைத்துவிடுகிறது. சோறு வெந்து குழைந்திருக்கிறது, இரவெல்லாம் தண்ணீரில் ஊறுகிறது, நுண்ணுயிரும் இருக்கிறது. இல்லாதது முளை. மாவை உடைக்க ஆளில்லாததால் அங்கே இருக்கும் சொற்பச் சர்க்கரையை லாக்டிக் பாக்டீரியா தின்று புளிப்பாக்குவதோடு கதை முடிகிறது. தென்னங்கள்ளுக்கோ முளையே வேண்டாம். பாளையில் வடிவது ஏற்கனவே சர்க்கரைத் தண்ணீர்.

சாடிக்குள் அந்த இரண்டு நாளும் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. அமிலேஸ் மாவைச் சர்க்கரையாக்க ஆக்க, ஈஸ்ட் அதை உடனுக்குடன் தின்கிறது. பார்லி பீரில் இவை தனித்தனிக் கட்டங்கள். நடுவில் ஒரு மணி நேரம் ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைப்பதும் உண்டு. அந்தக் கொதி வேண்டாத கிருமிகளைக் கொல்லும். ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் லாக்டிக் பாக்டீரியாவைப் பின்னாளிலும் தலையெடுக்கவிடாது. நம் சாடியில் கொதியும் இல்லை, ஹாப்ஸும் இல்லை, சூழல் வெப்பமோ 30 டிகிரிக்குக் குறையாது. புளிப்பு வந்தே தீரும்.

சரி, நடுவரிடம் கொடுக்கலாம். 12பியில் பதிந்தால் என்ன ஆகும்? கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் புளிப்பு வாடை. பிறகு வாழைப்பழம். ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் அடக்கமாக வேலை செய்யும். 30ஐத் தாண்டினால் அவசரப்பட்டு, பழ வாசனை தரும் எஸ்டர்களையும், தொண்டையில் எரியும் கனத்த ஆல்கஹால்களையும் அள்ளிக் கொட்டும். வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டரின் கைவரிசை. ஹாப்ஸ் மணம் பூஜ்யம். தோற்றம்: கஞ்சி. நுரை: பேருக்கு. கசப்பு: இல்லை. பச்சை ஆப்பிள் வாடை வருகிறதா என்று நடுவர் தனியாகத் தேடுவார். அது அசிட்டால்டிஹைடு, முழுதாக விளையாத பீரின் அடையாளம். ஈஸ்டுக்கு அவகாசம் கொடுத்தால் அதைத் தானே திரும்ப உள்வாங்கிக்கொள்ளும். வெண்ணெய் வாடை தரும் டைஅசிட்டைலுக்கும் அதேதான். பச்சை வாடை நீங்கும்வரை விளையவிட வேண்டும் என்று உருத்திரங்கண்ணனார் சொன்ன இடத்தில் நம் சாடிக்கு ஒன்றிரண்டு மார்க் கிடைக்கலாம். மற்றபடி 14க்குக் கீழே, ‘சிக்கலானது’ என்ற கடைசித் தட்டில்தான் விழும்.

அதே கோப்பையைப் பதிவுத்தாளில் வேறு எண்ணிட்டு அனுப்பினால் கதை மாறும். பிஜேசிபி பட்டியலில் வரலாற்றுப் பீர்கள் என்று 27ஆம் பிரிவு இருக்கிறது. ஃபின்லாந்தின் சாத்தி போன்றவை அதில். 2015 பதிப்பில் ஜெர்மனியின் கோசேயும் அங்கேதான் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லாத பழைய பீரையும் விவரக் குறிப்போடு அங்கே அனுப்பலாம். கோசேயில் லாக்டிக் புளிப்பு குறையே இல்லை, இருந்தே ஆகவேண்டிய குணம். ஸ்பார்க்ளிங் ஏலில் மார்க்கைத் தின்ற அதே மூலக்கூறு இங்கே மார்க் வாங்கித் தரும். நடுவர் மூக்கு ஒன்றுதான், கையிலிருக்கும் தாள் வேறு.

அடிலெய்டிலோ மெல்போர்னிலோ இருக்கும் தமிழர் யாருக்காவது கை அரித்தால், குறிப்பு எழுதுவது சுலபம். தீட்டாத அரிசிக் களி, நெல்முளை, ஹாப்ஸ் இல்லை, சூழல் வெப்பத்தில் இரண்டு நாள், மங்கலான தோற்றம், புளிப்பு எதிர்பார்க்கப்படுகிறது, உடன் சுட்ட மீன். முளைக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். ஊரிலிருந்து விதைநெல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். உயிருள்ள விதை விஷயத்தில் ஆஸ்திரேலியா கண்டிப்பான நாடு. நியூ சவுத் வேல்ஸில் ரிவரினா பக்கம் லீட்டன், கிரிஃபித் சுற்றுவட்டாரத்தில் நெல் விளைகிறது. அங்கே பெரும்பாலும் ஜப்பானிகா வகை. அதன் மாவு நம்முடையதைவிடக் குறைந்த சூட்டிலேயே குழையும், ஆகவே களியைத் தனியாகத் துழாவுகிற வேலை அவ்வளவு கண்டிப்பில்லை. ஆனால் நெல்முளையில் ஆல்ஃபா அமிலேஸ் தாராளமாக இருந்தாலும் பீட்டா குறைவு. பார்லிபோல ஒரு மணி நேரத்தில் முடியும் என்று எதிர்பார்க்காமல், முளையைக் கொஞ்சம் கூடவே போட்டு, அந்த இரண்டு நாளையும் கொடுத்துவிடுவது நல்லது.